ரத்தத்தின் நிறம் சொல்ல வந்தவர்கள்

கிளினிக் கவுண்டரில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: தமிழில் மாதவிடாய்க்கு இருக்கிற அத்தனை பெயர்களும் அந்தப் பேச்சை எடுக்காமல் தப்பிப்பதற்காகவே உண்டானவை. ‘அது’, ‘லீவு’, ‘தூரம்’, ‘தலைக்குக் குளிக்கணும்’, ‘அந்த மூணு நாள்’. பன்னிரண்டு நாளாக ரத்தம் போய்க்கொண்டிருக்கிறவளும் அதை ‘மூணு நாள்’ என்றுதான் சொல்வாள்.

எங்கள் டாக்டர் ரேணுகாவுக்கு இரண்டு கிளினிக். திங்கள், செவ்வாய் கிள்ளானில். மற்ற நாள் பிரிக்பீல்ட்ஸில், ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில். நான் இரண்டுக்கும் போகிறவள். பெயர் பதிவது, பிரஷர் பார்ப்பது, மருந்து எடுத்துக் கொடுப்பது எல்லாம் என் வேலை. நர்ஸை ‘மிஸ்ஸி’ என்று கூப்பிடுவது இந்த மலாய் நாட்டு வழக்கம், ஆகவே என் சொந்தப் பெயர் என் வீட்டுக்காரருக்கே பாதி மறந்துவிட்டது. வருகிறவரிடம் ஐசி என்கிற அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, என்ன பிரச்சினை என்று கேட்டு, பதிலை அட்டையில் எழுத வேண்டும். அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்கள் சில கீழே. இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் இப்படி ஒரு கவுண்டர் முன்னால் தரையைப் பார்த்தபடி நின்றவர்கள். மீதிப் பேர் இன்னும் வராமல் வீட்டில் இருக்கிறவர்கள். இரண்டு கட்சியும் என்னோடு சேர்ந்து தலையில் அடித்துக்கொள்ளலாம்.

எல்லாம் தெரிந்தவர்

பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்கில் ஒருவர் மனைவியோடு வந்தார். மனைவியின் ஐசியைத் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். என்ன பிரச்சினை என்று அந்த அம்மாவைக் கேட்டேன். களைப்பு என்று கணவர் பதில் சொன்னார். எத்தனை நாளாக என்று மறுபடி அந்த அம்மாவைக் கேட்டேன். ரெண்டு மூணு நாளாக என்று மறுபடி அவரே சொன்னார். பிறகு கவுண்டர் மேல் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, லேடீஸ் பிரச்சினையும் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் கறுப்பாக வருகிறது, உடம்பில் தேங்கிய கெட்ட ரத்தம் வெளியே போகிறது, அது நல்லதுதான் என்று எனக்கு விளக்கினார். நல்ல ரத்தத்துக்கு ஒரு தொட்டி, கெட்ட ரத்தத்துக்கு ஒரு தொட்டி என்று பெண்ணின் உடம்பை அவர் கட்டி முடிக்க ஐந்து நிமிஷம் ஆனது. என் நர்ஸ் சான்றிதழ் அவர் தலைக்கு நேர் மேலே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

எடை பார்க்க வேண்டும், ஒருவர்தான் உள்ளே வரலாம் என்று சொல்லி அந்த அம்மாவை மட்டும் திரைக்குப் பின்னால் கூட்டிப் போனேன். அங்கே வாயைத் திறந்தார். அன்று பதினைந்தாவது நாள். மணிக்கு ஒரு பேட் மாற்ற வேண்டியிருந்தது, சில நாள் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு. கறுப்பாக வந்தது கடைசியில் கொஞ்சம்தான், மற்றதெல்லாம் குழாயைத் திறந்துவிட்டதுபோல் சிவப்பு. டாக்டர் ரத்தம் எடுத்து அனுப்பினார். தைராய்டு கெட்டுப்போயிருந்தது. அதற்கு மருந்து கொடுத்ததும் சில மாதத்தில் அந்த அம்மாவுக்கு ஐந்து நாளில் நிற்க ஆரம்பித்தது. ஆனால் அன்றைக்கு, நான் மருந்துப் பையை நீட்டும்போது, இதில் எந்த மாத்திரை கெட்ட ரத்தத்தைச் சுத்தம் பண்ணும் என்று கணவர் கேட்டார். அந்த அம்மா பையை என் கையிலிருந்து தானே வாங்கிக்கொண்டு, அவருக்குக் கேட்கும்படியே சொன்னார்:

“அவருக்கு எல்லாம் தெரியும் மிஸ்ஸி. ரெண்டு வாரமா நான் மெத்தையில படுக்காம ஹால்ல பாய் போட்டுப் படுக்குறேனே, அது ஏன்னு மட்டும் தெரியாது.”

எட்டுக் கட்டம்

செந்தூலிலிருந்து காலேஜ் படிக்கிற பெண் ஒருத்தி வந்தாள். பத்தொன்பது வயது, பெயர் யாழினி. கண் வீங்கியிருந்தது. என்ன பிரச்சினை என்றேன். கைப்பேசியை என் பக்கம் திருப்பினாள். எட்டுக் கட்டம், எட்டு நிறம், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வியாதி. பழுப்புக்குக் கீழே, ஹார்மோன் கெட்டுவிட்டது, குழந்தை பிறப்பது கஷ்டம் என்று போட்டிருந்தது. யாரோ முகம் தெரியாதவர் செய்து, யாரோ அனுப்பி, அவள் கைக்கு வந்து சேர்ந்த படம். அதை நம்பி இந்தப் பெண் இரண்டு வாரமாக முட்டை, மிளகாய், தயிர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அழுதுகொண்டிருந்திருக்கிறாள்.

டாக்டர் கேட்டதெல்லாம் சாதாரணக் கேள்விகள். பழுப்பு எந்த நாளில் வருகிறது? முதல் நாளும் கடைசி நாளும். மொத்தம் எத்தனை நாள்? ஐந்து. நடுவில் சிவப்பா? ஆமாம். நாற்றம், அரிப்பு, காய்ச்சல், தாங்க முடியாத வலி? இல்லை. தேதி தவறுகிறதா? இல்லை. மெதுவாக வருகிற ரத்தம் உள்ளேயே கொஞ்ச நேரம் தங்கிக் காற்றுப் பட்டால் பழுப்பாகிவிடும், ஆப்பிளை வெட்டி வைத்தால் ஆகிற மாதிரி, அதில் வியாதி ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். கொஞ்சமாக வரும்போது உடம்பு நீரோடு கலந்து ரோஸாகத் தெரிவதும், வேகமாக வரும் நாளில் பளிச்சென்று சிவப்பாக இருப்பதும் அப்படித்தான். எல்லாம் கேட்ட பிறகும் அவளுக்கு முழுத் திருப்தி இல்லை. இரண்டு வாரம் அழுததற்கு ஒரு சின்ன வியாதியாவது கிடைத்திருக்கலாம் என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். அப்படியானால் நான் எந்த நிறத்தைக் கவனிக்க வேண்டும் டாக்டர் என்று அந்தப் படத்தை மறுபடி நீட்டினாள். டாக்டர் கைப்பேசியை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார்.

“இது பெயிண்டுக் கடை இல்லம்மா. கலரை விடு, எத்தனை நாள் வருது, எத்தனை பேட் மாத்துறே, அதை எழுதி வை.”

லைவ் அக்கா

கிள்ளானில் ஒரு அக்கா. கைப்பேசியை நிறுத்தி வைத்துவிட்டு முகநூலில் நேரலையில் பேசி வியாபாரம் செய்கிறவர். ஊதா நிறத்தில் ஒரு பானம், மூன்றே மாதத்தில் உங்கள் மாதவிடாய் ரோஜா நிறமாகும் என்று பாட்டிலிலேயே அச்சடித்திருந்தார். ரோஜா நிறமானால் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கூடவே உள்ளே கழுவிக்கொள்ள ஒரு மூலிகைத் தண்ணீரும் விற்றார். முதல் தடவை எங்கள் கவுண்டரில் விளம்பரத் தாள் வைக்க வந்தார். டாக்டர் முடியாது என்று சொல்லவும், உட்கார்ந்திருந்த நோயாளிகள் பக்கம் திரும்பி, உங்களுக்கு வியாதி இருந்தால்தானே இவர்களுக்குச் சோறு என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு பேர் அவர் பின்னாலேயே போய் பாட்டில் வாங்கினார்கள்.

ஆறு வாரம் கழித்து, முகக்கவசம் போட்டு, தொப்பியை இறக்கிவிட்டு, ஒருவர் வயிற்றைப் பிடித்தபடி வந்தார். ஐசியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்சம் காய்ச்சல் என்றார். காய்ச்சல் முப்பத்தொன்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது, நிமிர்ந்து நிற்க முடியவில்லை. பத்து நாளாகச் சாம்பல் நிறத்தில் நாற்றத்தோடு போகிறது, நடுநடுவே ரத்தமும் சேர்ந்து வருகிறது. நாற்றம் வர வர அவர் தன் மூலிகைத் தண்ணீரால் இன்னும் அதிகம் கழுவியிருக்கிறார். பெண்ணின் உடம்பு அந்த இடத்தைத் தானே சுத்தமாக வைத்துக்கொள்ளும், கழுவக் கழுவத்தான் கிருமிக்குக் கொண்டாட்டம் என்று டாக்டர் சொன்னதை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கிருமி கர்ப்பப்பைவரை ஏறியிருக்கும் என்று சந்தேகப்பட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஐந்து நாள் ஊசி மருந்து ஏறியது, பிழைத்துக்கொண்டார். அன்று கடிதத்தை வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவர், தன் பாட்டிலை வாங்கியவர்களுக்கு ஏதாவது சொல்லப்போகிறார் என்று நான் நினைத்தேன். திரும்பி வந்து கவுண்டரில் மெதுவாகச் சொன்னார்:

“மிஸ்ஸி, நான் இங்க வந்ததை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க லா. வெள்ளிக்கிழமை எனக்கு லைவ் இருக்கு.”

நல்ல வியாதி

மலர் பண்டமாரானில் இருக்கிறவள், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. வயது முப்பத்தொன்று. தலைசுற்றல் என்று கிள்ளான் கிளினிக்குக்கு வந்தாள். காரை விட்டு இறங்கி எங்கள் வாசலுக்கு வருவதற்குள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். கண் இமையை இழுத்துப் பார்த்தேன், உள்ளே காகிதம்போல் வெள்ளை. விரலில் குத்தி ஹீமோகுளோபின் பார்த்தால் ஆறு. குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஆறு. மெஷின்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொரு விரலில் குத்தினேன். மறுபடியும் ஆறு.

எட்டு மாதமாக அவளுக்கு ரத்தம் கட்டி கட்டியாக விழுந்திருக்கிறது. எவ்வளவு பெரிது என்று கேட்டேன். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துக் காட்டினாள். ஐம்பது சென் காசை விடப் பெரிய வட்டம். ஏன் இத்தனை மாதம் வரவில்லை என்று கேட்டதற்குக் கிடங்கின் வழக்கத்தைச் சொன்னாள். கழிவறைக்குப் போகிறவர்கள் பெயருக்கு நேரே வெள்ளைப் பலகையில் ஒரு கோடு போடுவார்களாம். மூன்று கோட்டுக்கு மேல் போனால் சூப்பர்வைசர் எல்லாருக்கும் முன்னால் நிறுத்திக் காரணம் கேட்பாராம். அதனால் மலர் பெரியவர்கள் கட்டுகிற டயப்பரைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள், தண்ணீர் குடிப்பதைக் குறைத்திருக்கிறாள். இதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. நான்தான் அட்டையில் இரண்டு தடவை அடித்து எழுதினேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் மூன்று பை ரத்தம் ஏற்றினார்கள். கர்ப்பப்பையில் நார்க்கட்டி, பிறகு அதை எடுத்தார்கள். அவள் படுத்திருந்தபோது சூப்பர்வைசர் எங்கள் கிளினிக்குக்குப் போன் செய்தார். சூப்பர்வைசரும் ஒரு பெண்தான், மாதாமாதம் அந்தப் பலகையைத் தாண்டித் தானும் கழிவறைக்குப் போகிறவர்தான். எம்சி, அதாவது நாங்கள் கொடுத்த மருத்துவ விடுப்புச் சான்று, உண்மையா என்று முதலில் கேட்டார். உண்மை என்றேன். அவளுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பாரோ என்று ஒரு நொடி காத்திருந்தேன். அவர் கேட்டது இது:

“எம்சி தாளை ஆபீஸ்ல எல்லா ஆம்பளைங்களும் பார்ப்பாங்க மிஸ்ஸி. அதுல ரத்தப்போக்குன்னு எழுதாம வேற ஏதாவது நல்ல வியாதியா எழுதிக் கொடுங்க.”

மாடிப்படி அறிவிப்பு

மலர் விஷயத்துக்குப் பிறகு எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. ஒரு பெரிய தாளில் தமிழிலும் மலாயிலும் எழுதி பிரிக்பீல்ட்ஸ் மாடிப்படியில் ஒட்டினேன். மணிக்கு ஒரு பேட் நனைந்து, அது அடுத்த மணியும் தொடர்ந்தால், ரத்தம் ஏழு நாளைத் தாண்டினால், ஐம்பது சென் காசைவிடப் பெரிய கட்டி விழுந்தால், இரண்டு மாதவிடாய்க்கு நடுவிலோ உறவுக்குப் பிறகோ ரத்தம் பட்டால், நாற்றமும் காய்ச்சலும் சேர்ந்தால், மாதவிடாய் நின்று ஒரு வருஷத்துக்குப் பிறகு எந்த நிறத்தில் ஒரு துளி வந்தாலும், தயவுசெய்து மேலே வாருங்கள். கடைசியில் இதையும் எழுதினேன்: தேதி தள்ளிப்போய் ரத்தம் கொஞ்சமாக வந்து, கூட வலியோ மயக்கமோ இருந்தால் காத்திருக்காதீர்கள்.

மூன்றாம் நாள் தாளைக் காணவில்லை. அந்த இடத்தில் கீழே இருக்கிற சாப்பாட்டுக் கடையின் காலண்டர் தொங்கியது. கடை முதலாளி அண்ணனிடம் போய்க் கேட்டேன். அவர் தாளை மடித்துப் பத்திரமாக வைத்திருந்தார், திருப்பிக் கொடுத்தார். சாப்பிட வருகிறவர்கள் கண்ணில் ரத்தம் என்ற சொல் படக்கூடாது என்றார். அவருக்குப் பின்னால், மாடிப்படிக்கு நேர் எதிரே, அவர் கையால் எழுதிய பலகை நின்றது: இன்று ஸ்பெஷல், ஆட்டு ரத்தப் பொரியல். நான் அந்தப் பலகையைக் காட்டினேன். அவரும் திரும்பிப் பார்த்தார், கொஞ்சம் பெருமையாகவே பார்த்தார்.

“அது சாப்பாடு மிஸ்ஸி. இது அசிங்கம்.”

கதவில் கை வைத்த டீச்சர்

ஒரு டீச்சர் பிரஷர் மருந்துக்காக மாதாமாதம் வருவார். தமிழ்ப் பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். வயது அறுபத்திரண்டு. மருந்தை வாங்கி, கதவில் கை வைத்து, பாதி வெளியே போனவர், திரும்பி என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: எனக்கு மறுபடியும் வயசு திரும்புது போல இருக்கு மிஸ்ஸி, ரெண்டு மாசமா லேசா ரோஸ் கலர்ல படுது. அவருக்கு மாதவிடாய் நின்று பத்து வருஷம் இருக்கும். எனக்குப் பசி, சாப்பாட்டு நேரம். சரி டீச்சர் என்று சிரித்து அனுப்பிவிட ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியை நினைத்தால் இன்னும் எனக்கு என் மேல் கோபம் வருகிறது. கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் மற்றது வெளியே வந்தது. அவர் நாத்தனாரிடம் சொல்லியிருக்கிறார். நாத்தனார் அதை வீட்டுத் தோஷம் என்று முடிவுகட்டி மூன்று வெள்ளிக்கிழமை விளக்குப் போடச் சொல்லியிருக்கிறார். ரத்தத்துடன் கோவிலுக்குள் போகலாமா கூடாதா என்று இருவரும் ஒரு வாரம் விவாதம் நடத்தியிருக்கிறார்கள். ரத்தம் ஏன் வருகிறது என்பது விவாதத்தில் வரவேயில்லை. கொஞ்சம்தானே, ரோஸ்தானே என்று டாக்டரிடமும் வாதாடினார். நின்றுபோன பிறகு வந்தால் கொஞ்சமும் ஒன்றுதான், நிறையவும் ஒன்றுதான், ரோஸும் ஒன்றுதான், சிவப்பும் ஒன்றுதான் என்று டாக்டர் கடிதம் எழுதிக் கையில் கொடுத்தார். பலருக்கு இது சாதாரணக் காரணமாகவே முடியும். டீச்சருக்கு அப்படி முடியவில்லை. கர்ப்பப்பை உள்சுவரில் புற்றுநோய், ஆரம்ப நிலை. கர்ப்பப்பையை எடுத்தார்கள், அதோடு வைத்தியம் முடிந்தது.

மூன்று மாதம் கழித்து இளைத்து, ஆனால் நல்ல நிறத்தோடு, பழையபடி பிரஷர் மருந்துக்கு வந்தார். நாத்தனார் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். விளக்குப் போட்டதால்தான் சீக்கிரம் தெரிந்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். டீச்சருக்கு நாத்தனார் மேல் கோபம் இல்லை. கோபம் வேறு இடத்தில் இருந்தது.

“முப்பது வருஷம் சயின்ஸ் நடத்தினேன் மிஸ்ஸி. இந்தப் பாடம் வர்ற பக்கத்தை மட்டும் ‘வீட்டுல படிச்சுக்கோங்க’ன்னு சொல்லித் தாண்டிட்டேன், எனக்கும் சேர்த்து.”

மூன்று துளி

நித்யா திருச்சிப் பெண். கணவனுக்கு இங்கே கம்ப்யூட்டர் வேலை, இவளுக்கும் அதே வேலை. கல்யாணமாகி ஒரு வருஷம், பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீடு. ஒரு சனிக்கிழமை காலை இருவரும் வந்தார்கள், கையில் கைப்பேசி, கைப்பேசிக்குள் வீடியோவில் திருச்சியிலிருந்து அவள் அம்மா. என்ன பிரச்சினை என்று நான் கேட்டதற்குப் பதில் சொன்னது அம்மாதான். இரண்டு வாரம் தள்ளிப்போய் இப்போதுதான் வந்திருக்கிறது, சூடு, வெந்தயம் போட்டால் சரியாகும், மாப்பிள்ளைதான் பயந்து கூட்டி வந்துவிட்டார். நித்யாவைக் கேட்டேன். பழுப்பாக மூன்று துளி, அவ்வளவுதான், ஆனால் வலது பக்கம் அடிவயிறு குத்துகிறது, தோளும் வலிக்கிறது சிஸ்டர் என்றாள். நின்றபடியே கவுண்டரைப் பிடித்துக்கொண்டாள். உதடு வெளுத்திருந்தது.

என்னோடு வேலை செய்கிற ஆயிஷா மலாய்க்காரப் பெண். இந்தத் தெருவில் பத்து வருஷம் வேலை பார்த்துத் தமிழ் பழகியவள், மரியாதை விகுதி மட்டும் இன்னும் பழகவில்லை. அவள் கேள்வி எதுவும் கேட்காமல் நித்யாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போய்ச் சிறுநீர் எடுத்து வந்தாள். பரிசோதனைக் குச்சியில் இரண்டு கோடு. டாக்டர் வயிற்றில் கை வைத்ததும் நித்யா சுருண்டாள். கரு கர்ப்பப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருக்கலாம், வெடித்தால் ரத்தம் முழுக்க உள்ளேயே போகும், வெளியே தெரிகிற மூன்று துளியை நம்பக்கூடாது என்று சொல்லி டாக்டர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். கணவன் அதற்குள் கைப்பேசியில் எதையோ தேடிப் படித்துவிட்டான். பழுப்பு என்றால் பழைய ரத்தம்தானே டாக்டர், ஆபத்தில்லை என்று போட்டிருக்கிறதே, திங்கட்கிழமை போகலாமா என்று கேட்டான். கெட்டவன் இல்லை. படித்தவன், அவ்வளவுதான். கைப்பேசிக்குள்ளிருந்து அம்மா, மூணு துளிக்கு ஆஸ்பத்திரியா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆயிஷா அந்தக் கைப்பேசியை எடுத்து இழுப்பறைக்குள் வைத்து மூடினாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது குழாய் வெடித்திருந்தது. அறுவை செய்து ஒரு பக்கக் குழாயை எடுத்தார்கள். இன்னும் இரண்டு மணி நேரம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கேயிருந்த டாக்டர் கணவனிடம் சொன்னாராம். அதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு மாதம் கழித்து நித்யா சளிக்கு மருந்து வாங்க வந்தாள். அம்மா எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்டேன்.

“இப்ப தெனமும் போன் பண்றாங்க சிஸ்டர். அன்னிக்கு நான் வலிக்குதுன்னு சொன்னப்ப கேக்காததை எல்லாம் இப்ப கேக்கறாங்க.”

நம்பர் பத்து

இதுவரை மற்றவர்களைத் திட்டியாயிற்று. இனி மிஸ்ஸி. போன வருஷம், நாற்பத்தேழு வயதில், எனக்கு மாதவிடாய் பத்து நாள் பன்னிரண்டு நாள் என்று இழுக்க ஆரம்பித்தது. வயசு காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நடுவிலும் படத் தொடங்கியது. கோமுட்டர் ரயிலில் நின்றுகொண்டு வந்தது காரணம் என்று சொல்லிக்கொண்டேன். ஐந்து மாதம். மாடிப்படியில் தாள் எழுதி ஒட்டிய அதே கையால் என் கறைகளைக் கழுவி மறைத்தேன். இரும்பு மாத்திரையை மருந்து அலமாரியிலிருந்து நானே எடுத்து விழுங்கினேன். டாக்டர் அறை என் நாற்காலியிலிருந்து எட்டு அடி. அங்கே போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாராவது நோயாளி இப்படிச் செய்திருந்தால் அன்று முழுக்க அவளைப் பற்றிப் பேசிச் சிரித்திருப்பேன்.

ஒரு நாள் மருந்து எடுக்கக் குனிந்து நிமிர்ந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆயிஷா ஓடி வரவில்லை. நடந்து வந்து என்னைத் தூக்கி நிறுத்தினாள், தண்ணீர் கொடுத்தாள், என் நாற்காலியில் தான் உட்கார்ந்தாள். புது அட்டை ஒன்றை எடுத்து என் பெயரை எழுதினாள். என்ன பிரச்சினை என்று கேட்டாள். ஒன்றும் இல்லை, களைப்பு என்றேன். பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். எனக்குப் பின்னால் ஒரு தாத்தாவும் இரண்டு பிள்ளைகளும் நின்றார்கள். கடைசியில் சொன்னேன், தமிழில், அவர்களுக்கும் கேட்கும்படி, எத்தனை நாள், எத்தனை பேட், எத்தனை மாதம் எல்லாம். அந்தத் தாத்தா கூரையைப் பார்த்தார். உலகம் இடிந்து விழவில்லை. பிறகு ஸ்கேனில் ஒரு சதை வளர்ச்சி தெரிந்தது, எடுத்துச் சோதித்தார்கள், கெடுதலானது இல்லை. ஆனால் அன்று, சொல்லி முடித்ததும் வழக்கம்போல் நான் நேரே டாக்டர் அறைக்குப் போக எழுந்தேன். ஆயிஷா பத்தாம் நம்பர் தாளைக் கிழித்து என் கையில் வைத்தாள்.

“அக்கா, அங்க உட்காரு லா. ஒம்போது பேர் முன்னால இருக்கு, கூப்பிடுவேன்.”

சிவப்பு, பழுப்பு, ரோஸ், சாம்பல் என்று எந்த நிறத்தோடு வந்தாலும் எங்கள் டாக்டர் ஏதாவது ஒரு வழி கண்டுபிடித்துவிடுகிறார், வீட்டிலேயே உட்கார்ந்து ‘இது ஒண்ணுமில்ல’ என்று சொல்லிக்கொள்கிற எங்களைப் போன்றவர்களுக்குத்தான் இன்னும் எந்தக் கம்பெனியும் மாத்திரை செய்யவில்லை.